கடலுக்கு முதுகு காட்டியவர்

அன்னூருக்குக் கிழக்கே, ஆடுகூட மேயாத கரட்டுக் காட்டில் ஆயிரத்து இருநூறு அடிக்குப் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தவன் நான். இரண்டு தடவை புகைதான் வந்தது. மூன்றாம் தடவை தண்ணீர் வந்தது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு அடுத்தவர் லேத்தில் இரும்புத் தூள் கூட்டினேன். பிறகு சொந்த லேத், அதன் பிறகு பம்புசெட் பட்டறை, அதற்கும் பிறகு பவுண்டரி. "என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்ட பேங்க் மேனேஜரிடம், "படிச்சிருந்தா உங்க சீட்டுல இருந்திருப்பனுங்க" என்று சொல்லிக் கடன் வாங்கியவன். யார் கையையும் பிடிக்காமல் இத்தனையும் கட்டிய நான், மகள் கல்யாணத்துக்காக ஒருத்தர் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கொச்சியைச் சுற்ற வேண்டியதாகிவிட்டது.

அவர் பெயர் பாயிண்டுக்காரர். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். கோயமுத்தூரிலிருந்து கொச்சிக்கு அவரைவிட அதிக தடவை போனவர் கிடையாது. கொச்சியை அவரைவிடக் குறைவாகப் பார்த்தவரும் கிடையாது. இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

ஆதியில் அவர் அந்தியூர்ச் சந்தையில் மாட்டுத் தரகர். முழங்கால் தேய்ந்து சந்தை அலைச்சல் முடியாமல் போனதும், வேன் பிடித்து ஆள்களைக் கொச்சிக்குக் கூட்டிப்போகும் தொழிலுக்கு வந்தார். தொழில்தான் மாறியது, ஆள் மாறவில்லை. தோளில் அதே பச்சைத் துண்டு. எந்த இடத்தைக் காட்டினாலும் இடத்துக்கு முதுகைக் கொடுத்து, நம் பக்கம் திரும்பித்தான் நிற்பார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"மாட்டப் பாக்கறவன் வெவசாயிங்க. வாங்கறவன் மூஞ்சியப் பாக்கறவன்தானுங்க தரகன்."

எனக்கு இவர் தேவைப்பட்ட கதைக்கு வருகிறேன். என் மகளுக்குப் பல்லடத்தில் ஒரு வரன் வந்தது. விசைத்தறிக் குடும்பம், தங்கமான பையன். அதற்கு முன்னால் வந்த வரன்களையெல்லாம் "வேண்டாமுங்கப்பா" என்று ஒரே வெட்டாக வெட்டிய மகள், இந்தப் பையனின் போட்டோவை மட்டும் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டாள். என் வீட்டில் அதற்குமேல் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. பையனின் அப்பாவுக்கும் பிடித்துவிட்டது. முடிவு மட்டும் பையனின் அம்மா கையில் இருந்தது.

பல்லடத்து அம்மாவிடம் என் மனைவி கேட்டாள். "பொண்ணு புடிச்சிருக்குதுங்களா?"

"இருக்கட்டுங்க" என்றார் அந்த அம்மா.

எங்கள் பக்கத்தில் இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆயுசை ஓட்டிவிடலாம். காப்பி வேண்டுமா என்றால் "இருக்கட்டுங்க". அதற்கு ஊற்று என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சோறு என்றால் "இருக்கட்டுங்க". அதற்குப் போதும் என்று அர்த்தம். உங்கள் வீட்டுக்கு என் பெண் என்றால் என்ன அர்த்தம்? மூன்று வாரம் நானும் என் மனைவியும் அதை உரித்து உரித்துப் பார்த்தோம், வெங்காயம்போல உள்ளே ஒன்றுமில்லை.

அப்போதுதான் பையனின் அப்பா, பல்லடத்துக்காரர், போனில் ஒரு நூல் கொடுத்தார். "அவளுக்கு ரொம்ப நாளா ஒரு ஆசைங்க. படகுல உக்காந்து கடலுக்குள்ள சூரியன் எறங்கறதப் பாக்கோணுமாம். தறியப் போட்டுப்போட்டு எங்கீங்க போறது?" நான் விடுவேனா? இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் சேர்ந்து கொச்சி போவது என்று முடிவு செய்தேன். பேச்சு முடியாமல் பையனும் பெண்ணும் ஒரே வண்டியில் ஏறக்கூடாது என்பதால் அவர்கள் இல்லை. மொத்தம் பதினோரு பேர். கூட்டிப்போகப் பாயிண்டுக்காரர்.

வேன் வாளையார் தாண்டியதும் அவர் எழுந்து, ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"ஏனுங்க, எல்லாருமு கேட்டுக்குங்க. கொச்சிக்குப் பதினோரு பாயிண்டுங்க. பதினொன்னையும் பாத்தாத்தான் அது கொச்சி. பத்தோட திரும்புனா அது சும்மா வெயில்ல நின்னதுங்க. கடேசிப் பாயிண்டு, படகுல பொழுது எறங்கறது. அதப் பாத்தவிய யாருமு கண்ணு கலங்காம வந்ததில்லீங்க."

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதோரம் சொன்னார். "வெவரம் கேள்விப்பட்டனுங்க. அந்தம்மா மூஞ்சிய நான் பாத்துக்கறேன். நீங்க கைய மட்டும் இப்பிடிக் குடுங்க."

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. அந்த வித்தையை என்னிடம் காட்டினார். பத்து விரலுக்கு, பல்லடத்து அம்மாவின் மனது எத்தனை விரல் நம் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று துண்டுக்கடியில் அழுத்திச் சொல்வார். முதல் கணக்கு: மூன்று.

"மூணுதானா?" என்றேன்.

"காலைல எந்த மாடுமு தலை அசைக்காதுங்க. பொறுங்க."

கடலோரத்துச் சீன வலைகளுக்குப் போனோம். பெரிய பெரிய மரக்கழிகளில் தொங்கிக்கொண்டு வலை தண்ணீருக்குள் இறங்குகிறது, நாலைந்து ஆள் கயிற்றை இழுத்தால் மேலே வருகிறது. அந்தப் பக்கம் திரும்பாமலே அவர் விளக்கினார்.

"நம்மூரு ஏத்தமாட்டவேதானுங்க. நாம தண்ணி எறைச்சோம், இவிய மீனு எறைக்கறாங்க. மரத்தப் பாருங்க, காலு நாலுமு சுத்தம். ஒரு சுழிக் குத்தம் சொல்ல முடியாதுங்க."

பல்லடத்து அம்மா சிரித்துவிட்டார். துண்டுக்கடியில் ஐந்து விரல். பல்லடத்துக்காரர் என்னைப் பார்த்து, "ஏனுங்க, இதுக்கு ஒரு மோட்டாரு வெச்சா என்னுங்க?" என்று கேட்டார். கேட்டவருக்குப் பதில் சொல்வது மரியாதை. எத்தனை எச்.பி. போதும், சாஃப்ட் எந்த இரும்பு, துருப்பிடிக்காமல் இருக்க என் பவுண்டரியில் என்ன செய்கிறோம் என்று சுருக்கமாகத்தான் சொன்னேன். முடித்தபோது துண்டுக்கடியில் இரண்டு விரல்தான் இருந்தது.

"என்னுங்க இது?"

"நீங்க பேசுனீங்க."

அது வெயிலால் வந்த இறக்கம் என்றுதான் இன்றைக்கும் நான் நினைக்கிறேன்.

அடுத்து பழைய அரண்மனை. வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டு வீடு மாதிரி இருக்கிறது, உள்ளே போனால் சுவர் நிறையச் சித்திரம். பல்லடத்துக்காரர் ஒரு நீளமான அறையைக் காலடியால் அளந்துவிட்டு, "எங்கூருல கோழிப் பண்ணை இதவிட நீளமுங்க" என்றார். பாயிண்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கோழிக்கு ராசாப் பட்டம் கட்டுனாங்களாக்கும்? இது பல்லுத் தேஞ்ச மாடுங்க, ஆனாச் சாதி மாடு. நீளத்தப் பாத்து வாங்கறவன் வடக்கயிறு வாங்கோணும், மாடு வாங்கக் கூடாதுங்க."

புருஷனை ஒருத்தர் மடக்கியதில் அந்த அம்மாவுக்கு எத்தனை சந்தோஷம்! நாலு விரல். யூதர் தெருவில் மிளகும் ஏலக்காயும் விற்கும் கடையில் அந்த அம்மா ஒரு கை ஏலக்காயை முகர்ந்து பார்த்து, என் மனைவியின் மூக்கருகே நீட்டி, "பாருங்க அம்மணி, நாம இத்தன நாளா போட்டது சக்கைதான் போலிருக்குது" என்றபோது ஆறு. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. தேவாலயம், கடைவீதி, பெரிய மரங்கள் நிற்கும் மைதானம் என்று ஒவ்வொரு பாயிண்டிலும் பாயிண்டுக்காரர் பின்னாலேயே நடந்தார், அதாவது முகம் எங்கள் பக்கம், நடை அந்தப் பக்கம். இரண்டு சைக்கிள்காரர்களும் ஒரு வெள்ளைக்காரரும் தப்பியது கடவுள் செயல்.

சாயங்காலம் பத்துப் பாயிண்டு முடிந்தபோது கணக்கு ஏழு. வேனைக் காலியாகப் பாலம் சுற்றி எர்ணாகுளத்துக்கு அனுப்பிவிட்டார். நாங்கள் படகில் அக்கரை போகவேண்டும். பாதி வழியில் பொழுது இறங்கும்.

"படகுல அழுதாங்கன்னா பத்துங்க" என்றார் என்னிடம். "அழலைன்னா வேற எடம் பாருங்க. நான் பொய் சொல்ல மாட்டேன்."

என் மகள் காலையில் வாசலில் நின்று ஒன்றுமே கேட்காமல், "நல்லாப் பாத்துப்போட்டு வாங்கப்பா" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அதை நினைத்துக்கொண்டே துறைக்கு நடந்தேன்.

படகு வந்தது. பாயிண்டுக்காரர் வழக்கம்போலப் பின்னாலேயே நடந்து முதலில் ஏறி, ஜன்னலோர இடத்தில் துண்டைப் போட்டுவிட்டு எங்களைப் பார்த்து நின்றார். "வாங்க வாங்க, ஒவ்வொருத்தரா, எண்ணிக்கறேன்!"

நான் ஒதுங்கி நின்று பல்லடத்துக்காரரிடம் கையைக் காட்டினேன். "ஏறுங்க."

"அட, நீங்க மொதல்ல ஏறுங்க."

"அதெப்பிடீங்க, நீங்க பெரியவிய."

"வயசுல நீங்கதானுங்க மூத்தது."

"மாப்பிள்ளை ஊட்டுக்காரிய நிக்க, நாங்க ஏறுனா மொறையாகுமுங்களா?"

எங்கள் ஊரில் மூன்று தடவை மறுக்காமல் ஒருத்தன் எதிலாவது ஏறினான் என்றால் அவன் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். படகுக்காரன் எங்களை ஏறச் சொல்லி மலையாளத்தில் "கேறிக்கோ, கேறிக்கோ" என்று கத்தினான். "என்னமோ கீறுங்கறானுங்க" என்று பல்லடத்துக்காரர் இன்னும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அவருக்குப் பின்னால் அவர் தம்பி, தம்பிக்குப் பின்னால் என் மச்சான், எல்லோரும் ஆளுக்கு ஆள் கையைக் காட்டிக்கொண்டு நின்றோம். நான் மூன்றாவது தடவையாக, "நீங்க ஏறாம நான் ஏற மாட்டனுங்க" என்றேன்.

பல்லடத்து அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அட ஏறித் தொலைங்க சம்பந்தி! பொழுது எறங்கிருமாட்ட இருக்குது!"

சம்பந்தி.

துறையில் நின்ற பத்துப் பேரும் அப்படியே கல்லாகிவிட்டோம். என் மனைவி என் கையைப் பிடித்ததில் வளையல் அச்சு இரண்டு நாள் இருந்தது. பல்லடத்துக்காரர் மெதுவாகத் திரும்பினார்.

"என்ன அம்மணி சொன்ன?"

"ஏன், சொல்லக் கூடாதாக்கும்?"

"நெசமாலுமேங்களா?" என்றாள் என் மனைவி.

"இருக்கட்டுங்க" என்றார் அந்த அம்மா. இந்தத் தடவை அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. வர்ற வளர்பிறையில் நிச்சயத்துக்கு உப்புச்சர்க்கரை மாற்றிவிடலாம் என்று அந்த இடத்திலேயே பேசி முடித்தோம். பேசி முடித்துத் திரும்பினால் படகு இல்லை.

அது நடுத்தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. அதில் எங்கள் ஆள் என்று ஒருத்தர்தான். "பதினொன்னு எங்கீங்க? ஏனுங்க! ஒன்னுமே இல்லீங்களே!" என்று அவர் கத்தியது இரண்டு தடவை கேட்டது. பிறகு அலைதான் கேட்டது.

அடுத்த படகில் அவர் திரும்பி வருவதற்குள் பொழுது இறங்கி, விளக்குப் போட்டுவிட்டார்கள். அவர் ஏசுவார் என்று எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டு நின்றோம். நான் முந்திக்கொண்டு, "பேச்சு முடிஞ்சுபோச்சுங்க, பத்து விரலுமு வந்துருச்சு" என்றேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. துறைப்பலகையில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஏனுங்க" என்றார். "அது நெசமாலுமே நல்லாத்தானுங்க இருக்குது."

"எது?"

"பொழுது எறங்கறது. உங்க மூஞ்சி ஒன்னுமே இல்ல, எதப் பாக்கறது? வேற வழியில்லாம அக்கட்ட திரும்புனனுங்க." துண்டை மறுபடி தோளில் போட்டார். "இத்தன வருசமா சனங்ககிட்டப் பொய் சொல்லிட்டிருக்கறமோன்னு ஒரு வெசனம் இருந்துச்சுங்க எனக்கு."

அந்த ஒரு தடவை, அவர் முகத்தை நான் படித்தேன். விரலெல்லாம் தேவைப்படவில்லை.

கல்யாணம் ஜோராக நடந்தது. தாலி கட்டும்போதும் மணவறைக்கு முதுகைக் காட்டி நின்று கூட்டத்தைப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். இப்போதும் மாதம் ஒரு வேன் ஓட்டுகிறார். அந்தத் துறையைப் பன்னிரண்டாவது பாயிண்டாகச் சேர்த்துவிட்டார். "இங்கதானுங்க நான் ஒரு சம்பந்தத்த முடிச்சு வெச்சேன். வேணும்னேதானுங்க படகக் கெளப்பச் சொன்னேன்" என்று எல்லோரிடமும் சொல்கிறாராம். என் பெயரே அந்தக் கதையில் இல்லை. நேரில் கேட்டேன். "உங்க பேரச் சேத்தா நீங்க பம்பு பத்தியுமு சொல்லச் சொல்லுவீங்க, சனங்க மூஞ்சி எறங்கிப்போகுமுங்க" என்கிறார்.

போகட்டும். சம்பந்தம் முடித்த பெருமையை அவரே வைத்துக்கொள்ளட்டும், நான் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு மூன்று தடவை மறுத்து, அந்தப் படகில் ஒருத்தரையும் ஏறவிடாமல் நிறுத்தியவன் நான். அந்த மனுஷனுக்குக் கடலைக் காட்டியவன் நான்தான். அதை மட்டும் யாராவது என் பேரில் எழுதி வையுங்கள்.