விதிப்படி வெட்டிய வேலி

நெருப்பைக் கண்டுபிடித்த நாளில்தான் மனித நாகரிகம் பிறந்தது என்று சொல்கிறவர்கள் எந்தத் தோட்டக் குழுவிலும் இருந்து பார்த்ததில்லை. தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்த ஒரு செடியைப் பார்த்து, எவனோ ஒருவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ம்ஹூம், இது சரியில்லையே" என்றானே, அந்த நிமிஷத்தில் பிறந்தது நாகரிகம். அவனுடைய நேர் வாரிசுதான் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் "பசுமை மேம்பாட்டுக் குழு"த் தலைவர்.

தலைவரின் மனைவிக்கு இந்த வம்சப் பெருமையெல்லாம் தெரியும். அவள் கவலை வேறு. தரைத்தளத்தில் அவளுடைய சமையலறை ஜன்னலுக்கு எதிரே, பத்தடி தூரத்தில், நாத்தனாரின் சமையலறை ஜன்னல். நடுவே ஆளுயர வேலிச் செடி. குருவி நுழைய வேண்டுமென்றாலும் உடம்பை ஒடுக்கிக்கொள்ள வேண்டும். இவள் எத்தனை மணிக்கு எழுகிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் பாத்திரத்தைக் கழுவாமல் போட்டுவைக்கிறாளா என்பது இவளுக்குத் தெரியாது. ஏழு வருஷமாகச் சண்டை இல்லை.

"என்னங்க, அந்த வேலியில மட்டும் கை வைக்காதீங்க."

"நான் எங்கம்மா வைக்கிறேன்? குழு வைக்குது."

"குழுன்னா யாரு?"

"நான், செயலாளர், பொருளாளர்."

"உங்க தங்கச்சி என்னைப் பத்தி என்னென்ன பேசறான்னு தினம் நீங்கதான் வந்து சொல்றீங்க. காலங்காத்தால அவ மூஞ்சியப் பார்த்தா என் வாய் சும்மா இருக்குமா? அந்தச் செடி இருக்கறதாலதான் குடும்பம் உடையாம இருக்கு."

"உணர்ச்சிவசப்படாதே. இது விஞ்ஞானம்."

விஞ்ஞானம் என்று அவர் சொன்னது ஒரு புத்தகத்தை. அதில் அவர் படித்தது ஒரு வரி: "செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது." அந்த ஒரு வரிக்காகவே கூட்டம் கூடியது. மனைவியும் போய் ஓரமாக உட்கார்ந்தாள்.

"மேல் பங்கை எடுக்கணும். தோற்றம் முக்கியம்" என்றார் தலைவர்.

"கீழ்ப் பங்கை எடுக்கணும். காற்றோட்டம் முக்கியம்" என்றார் செயலாளர்.

ஒரு மணி நேரம் தோற்றமும் காற்றோட்டமும் மோதின. கடைசியில் பெருந்தன்மை வென்றது: இரண்டையும் எடுப்பது. அதுவரை வாய் திறக்காத பொருளாளர் மெல்லக் கனைத்தார்.

"அப்போ எனக்கு?"

பதவிக்கென்று ஒரு மரியாதை இருக்கிறதல்லவா? அவருக்கு நடுப்பங்கு ஒதுக்கப்பட்டது. கைதட்டல்.

மனைவி எழுந்தாள். "ஆளுக்கு ஒரு பங்கு சரி. மூணையும் கூட்டிப் பார்த்தீங்களா?"

"கூட்டறது பொருளாளர் வேலைம்மா" என்றார் செயலாளர்.

"நான் வருஷக் கடைசியிலதான் கூட்டுவேன்" என்றார் பொருளாளர்.

கத்தரியும் வாளும் எடுத்து வந்த தோட்டக்காரரும் தலையைச் சொறிந்தார். "ஐயா, மேல ஒரு பங்கு, கீழ ஒரு பங்கு, நடுவுல ஒரு பங்கு. செடிக்கு என்னங்க மிச்சம்?"

"ஒழுங்கு" என்றார் தலைவர்.

அன்று மாலைக்குள் வேலை முடிந்தது. மூன்று பேரில் ஒருவர்கூட மூன்றில் ஒரு பங்கை மீறவில்லை என்பதை இங்கே தலைவணங்கிப் பதிவு செய்ய வேண்டும். பூச்சி போயிற்று, சருகு போயிற்று, வளைந்த கிளை ஒன்றுகூட மிச்சமில்லை. அவ்வளவு குறையற்ற வேலி அந்த வட்டாரத்திலேயே கிடையாது. வேலியும் கிடையாது.

மறுநாள் காலை தலைவர் சாப்பிட்டுவிட்டு, "குழு வேலை" என்று வழக்கம்போல் கிளம்பினார். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, வருவது வரட்டும் என்று ஜன்னலைத் திறந்தாள்.

எதிர் ஜன்னலில் நாத்தனார். கலைந்த தலை, கையில் கரண்டி. அவளுக்குப் பின்னால் மேசையில், தட்டின் முன்னால், குழு வேலையில் மும்முரமாக இருந்தார் தலைவர். ஏழு வருஷப் பழக்கம். வேலி போன செய்தியை அவர் கால்களுக்கு யாரும் தீர்மானம் போட்டுத் தெரிவிக்கவில்லை.

"என்னங்க! இப்பதானே இங்க ஆறு ரொட்டி உள்ள போச்சு?"

"ஆறா?" நாத்தனாரின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "நீங்க பச்சத் தண்ணிகூடக் குடுக்கறதில்லன்னு அண்ணன் தினமும் அழுவாரே அண்ணி!"

"யாரு, நானா? நீதான் என்னை சோம்பேறின்னு ஊரெல்லாம் சொல்றதா..."

"ஐயோ, நான் எப்ப சொன்னேன்? நீங்கதான் என்னைத் திமிர் பிடிச்சவன்னு சொன்னதா..."

"சொன்னது யாரு?"

"அண்ணன். உங்களுக்கு?"

"இவர்தான்."

பத்தடி தூரத்தை இரண்டு பேரும் பேசித் தீர்த்தார்கள். கெட்டியாகத் தையல் போட்டு வைத்திருந்த ஏழு வருஷத்துக் கதைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. பிரியப் பிரிய இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. நாத்தனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சிரித்தாள்.

தலைவர் நிலைமையின் கனத்தை உணர்ந்தார். எழுந்து வெளியே வந்தார். ஒளிய ஓர் இடம் தேடி இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே வந்து சேர்ந்தார். அங்கே ஒழுங்கைத் தவிர வேறொன்றும் இல்லை.

"இது... வெளிப்படைத்தன்மைக்குக் கிடைச்ச வெற்றி" என்றார், மென்றபடி.

தோட்டக்காரர் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார். மனைவி அவரைக் கூப்பிட்டாள்.

"கத்தரிய உள்ள வச்சிட்டீங்களா?"

"வச்சாச்சும்மா. வேலிய முழுசா எடுத்தாச்சே."

"எங்க எடுத்தீங்க? எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏழு வருஷமா நின்ன வேலி, வாயில ரொட்டியோட இன்னும் அங்கயேதானே நிக்குது!"