டென் எம்எம் போட்ட பாலம்

ஒரகடம் சாலையில் பகல் இரவு பார்க்காமல் கார், லாரி, டயர், கண்ணாடி என்று எதையெதையோ செய்து தள்ளுகிறார்கள். ஆனால் இந்த வட்டாரத்திலேயே உறுதியான பொருளைச் செய்தவர் யார் என்று கேட்டால், நான் எந்தக் கம்பெனியின் பெயரையும் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் குடியிருந்த டென் எம்எம்மைத்தான் சொல்வேன். அவர் செய்த ஸ்டூலைத் தனி ஆளாகத் தூக்கிய மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. பத்து மில்லிமீட்டருக்குக் குறைந்த இரும்பை அவர் இரும்பாகவே மதிப்பதில்லை, அதனால் டென் எம்எம். ஒருமுறை என் வீட்டு பீரோவை விரலால் தட்டிப் பார்த்து, "இது தகரம் சார்" என்று சொல்லிவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் போல எழுந்து போனார். அன்றிலிருந்து எனக்கும் அந்த பீரோ மேல் மரியாதை குறைந்துவிட்டது.

இத்தனைக்கும் தொழிலில் அவருக்கும் இரும்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கார் சீட் தைக்கிற கம்பெனி ஒன்றில் டைம் ஆபீஸ் வேலை. யாருக்கு லீவு, யாருக்கு ஓ.டி., எந்த ஷிஃப்ட் பஸ் எங்கே நிற்கும் என்பதெல்லாம் அவர் கையில். நாள் முழுக்க அவர் தொட்ட ஒரே உலோகம் ஸ்டேப்ளர் பின். அந்த ஏக்கமெல்லாம் சேர்ந்து சாயங்காலத்தில் மொட்டை மாடியில் தீப்பொறியாகக் கிளம்பும்.

வெல்டிங் மெஷின் என்னவோ சின்னதுதான். சிஓடூ கேஸ், ஆர்கான் கேஸ், குச்சி மாதிரியான ராடு என்று மூன்று விதமான வெல்டிங்கும் போடக்கூடிய ஒரு சிவப்புப் பெட்டி. ஆனால் அவர் ஸ்விட்சைப் போட்டால் தெருவில் எல்லா வீட்டு ஃபேனும் சோர்ந்து சுற்றும். அதனால் போடுவதற்கு முன் கைப்பிடிச் சுவரருகே வந்து ஒரு அறிவிப்பு செய்வார்.

"யாரும் மிக்ஸி போடாதீங்க! வெல்டு அடிக்கப் போறேன்!"

உடனே எல்லா வீட்டிலும் அவசர அவசரமாகச் சட்னி அரைபடும்.

இப்படி அவர் உருவாக்கிய சாதனங்கள் பல. புயலுக்கும் அசையாத துணிக்கொடி. கீழே விழுந்தால் தரை உடைகிற செல்போன் ஸ்டாண்ட். அது ஒருநாள் அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சரின் கால்மேல் விழுந்தது. வீங்கிய விரலோடு டீச்சர் என் மனைவியிடம் வந்து சொன்னது: "அக்கா, ஊர்ல புருஷனுங்க பூவு வாங்கினு வர்றாங்க. இவரு இரும்பு பிளேட்டு வாங்கினு வர்றாரு."

இந்த நிலையில்தான் தெருமுனைக் கால்வாய் மேலிருந்த சிமென்ட் பலகையை ஒரு தண்ணீர் லாரி உடைத்துவிட்டுப் போனது. எங்களுக்கு அது பெரிய கஷ்டமில்லை. நடப்பவர்களுக்கு ஒரு மரப்பலகை போட்டாயிற்று. பைக்குகள் பின்பக்கத்து மண் பாதையில் சுற்றிப் போயின. மாட்டிக்கொண்டவர் மேரியக்கா.

மேரியக்காவுக்கு இட்லி வண்டி. முதல் ஷிஃப்ட் பஸ் நிற்கும் இடத்தில், விடிவதற்கு முன்பே அடுப்பு எரிய வேண்டும். மண் பாதையில் தள்ளினால் வண்டி அச்சு வரைக்கும் புதைகிறது. வேறு வழியில்லாமல் குண்டான்களைத் தலையில் வைத்து மரப்பலகையில் ஒவ்வொன்றாகக் கடத்தினார். ஒருநாள் கால் வழுக்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சாம்பார் முழுவதும் கால்வாய்க்குப் போனது. அன்றைக்கு அவர் டென் எம்எம் வீட்டு வாசலில் உட்கார்ந்து, டீச்சரிடம் அழுதார்.

"பஞ்சாயத்துல கேட்டா பாக்கலாம்ன்றாங்கோ. சுங்குவார்சத்திரத்துலேர்ந்து ஒருத்தன் வந்து என் எடத்தப் பாத்துட்டுப் போயிகிறான். அடுத்த வாரமும் என் வண்டி நிக்கலன்னா அவன் வண்டிய நிப்பாட்டிருவான். அப்புறம் நான் இன்னா பண்றது, டீச்சர்?"

மாடியிலிருந்து குரல் வந்தது.

"திங்கக்கெழம உன் வண்டி கால்வா மேல போவும். நான் போடறேன் பாலம். டென் எம்எம்ல!"

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மறுநாளே ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையிலிருந்து இரண்டு துண்டு பத்து எம்எம் பிளேட்டும், அடியில் தாங்குவதற்குச் சேனல் என்கிற கனமான இரும்புச் சட்டமும் வந்து இறங்கின. ஒரே நீளத்தில் பிளேட் கிடைக்கவில்லை. இரண்டையும் நடுவில் ஒட்ட வேண்டும். மேரியக்காவின் பிழைப்பு முழுக்க அந்த நடு ஒட்டில்தான் நிற்கப் போகிறது. அதை எந்த வெல்டிங்கில் போடுவது என்பதில்தான் எங்கள் தெரு இரண்டாகப் பிரிந்தது.

எங்கள் தெருவில் கருத்து சொல்ல ஆளுக்குப் பஞ்சமா? வீட்டுக்கு ஒரு கம்பெனி. கார் கம்பெனியில், ரோபோக்கள் வெல்டு அடிக்கிற பாடி ஷாப்பில் வேலை பார்க்கும் குமரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"சிஓடூ போடுண்ணா. எங்க லைன்ல ஒரு நாளைக்கு எவ்ளோ வண்டி போவுது! எதுனா கயண்டுகினு வந்திருக்கா?"

திருநெல்வேலிக்காரரான மூர்த்தி, பால் டேங்க் செய்கிற கம்பெனியில் இருப்பவர். அவர் விடவில்லை.

"அண்ணாச்சி, ஆர்கான்தான் அண்ணாச்சி. தங்க நகை மாதிரி உக்காரும். வேற எதையாவது போட்டுட்டு, பொறவு என்னக் குத்தம் சொல்லப்பிடாது, ஆமா."

"ராடு போட்டால் என்ன?" என்று நான் கேட்டேன். மூன்று பேரும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள். "அது இரும்பு கேட்டு, கிரில்லு போடறவங்க வேல சார்" என்றார் டென் எம்எம். நான் சேல்ஸ் ஆள்.

சிஓடூ ஜெயித்தது. மாடிக் காற்று வெல்டிங் கேஸைக் கலைத்துவிடும் என்பதால் டீச்சர் பெட்ஷீட்டைத் திரை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். டென் எம்எம் முதலில் சாம்பிளுக்கு இரண்டு சின்ன பிளேட் துண்டுகளை, ஒன்றைப் படுக்க வைத்து ஒன்றை நிறுத்தி, ஒரு பக்கம் ஒட்டினார். வெல்டு அச்சு முறுக்கு மாதிரி வரிவரியாகப் படிந்திருந்தது. குமரன் அதை நாலு கோணத்தில் படம் எடுத்துத் தெரு வாட்ஸாப் குரூப்பில் போட்டான். "ரோபோ தோத்துச்சு" என்று எழுதினான். கைதட்டல்கள் குவிந்தன. டென் எம்எம் அன்று நடந்த நடையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

சாம்பிளைக் கீழே கொண்டுபோய் சமையலறை மேடையில் வைத்தார், போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. மறுநாள் காலை டீச்சருக்கு அவசரம், தேங்காய் உடைக்க அரிவாள் அகப்படவில்லை. நிமிர்ந்து நிற்கும் அந்த இரும்பு விளிம்பில் தேங்காயை ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

தேங்காய் உடையவில்லை. வெல்டு உடைந்தது.

சத்தம் கேட்டு நாங்கள் ஓடியபோது டென் எம்எம் இரண்டு துண்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒட்டியிருந்த இடத்தில், படுத்திருந்த பிளேட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த முறுக்கு வெல்டு மட்டும் அப்படியே முழுசாக மற்ற துண்டில் இருந்தது.

"குமரா, உங்க லைன்ல தகடு எவ்ளோ கனம்?" என்று கேட்டார்.

குமரன் காலரை இறக்கிவிட்டுக்கொண்டான். "ஒரு எம்எம் இருக்கும்ணா."

"மூர்த்தி, உங்க டேங்கு?"

"ரெண்டு எம்எம்... சில எடத்துல மூணு" என்று மூர்த்தி மெதுவாகச் சொன்னார். ஆனாலும் ஆர்கானையும் போட்டுப் பார்த்தார்கள். பத்து எம்எம் பிளேட் சூட்டையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு சும்மா கிடந்தது. விரலளவு ஒட்டுவதற்குள் டீச்சர் போட்டு வைத்த காபி ஆறி ஆடை கட்டிவிட்டது.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இத்தனை கம்பெனிகள், இத்தனை வருட சர்வீஸ், ஆனால் தெருவில் ஒருவர்கூட கனமான இரும்பை வாழ்க்கையில் ஒட்டியதில்லை. பார்க்க அழகாக இருந்தால் ஓகே ஸ்டிக்கர் ஒட்டிப் பழகிய கண்கள்.

டென் எம்எம் அசரவில்லை. கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று அறிவித்தார்.

"கனமான பிளேட்டு சூட்ட முழுங்கிடுது. நம்ம பெட்டில சிஓடூ மேல படியுது, உள்ள போவல. ராடுதான் கரெக்ட்டு!"

"அது கிரில் போடறவங்க வேலன்னு சொன்னீங்களே சார்?" என்றேன்.

"நேத்து நான் சொன்னது நேத்து கரெக்ட்டு. இன்னிக்கு சொல்றது இன்னிக்கு கரெக்ட்டு."

அதன் பிறகு அந்த வாரம் எங்கள் ஃபேன்கள் சரியாகச் சுற்றவே இல்லை. பிளேட் ஓரங்களை கிரைண்டரால் சாய்வாகச் சீவினார். நடுவில் மெல்லிய இடைவெளி விட்டு, தடித்த ராடைப் போட்டு முதல் வரிசை. மேலே படியும் கசடைத் தட்டிச் சுரண்டி, அதன் மேல் அடுத்த வரிசை, அதன் மேல் இன்னொன்று. ராடு அடிக்கடி ஒட்டிக்கொண்டது. டென் எம்எம் அதனிடம் கெட்ட வார்த்தை பேசினார், பிறகு டீச்சரிடம் மன்னிப்பு கேட்டார். கடைசியில் பார்த்தால் கரையான் புற்று மாதிரி இருந்தது. குமரன் படம் எடுக்கவில்லை.

ராடு போட்ட இந்தப் புதுச் சாம்பிளை மறுபடி தேங்காய்க்குக் கொடுத்தார்கள். தேங்காய் தூள். பிறகு இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸில் மாட்டி, டென் எம்எம், குமரன், மூர்த்தி மூவரும் மாற்றி மாற்றிச் சம்மட்டியால் அடித்தார்கள். பிளேட் வளைந்தது, வெல்டு அப்படியே இருந்தது. டென் எம்எம் அந்தப் புற்றைத் தடவிக்கொண்டே, "மூஞ்சி நல்லா இல்லன்னாலும் மனசு நல்லா கீதுல்ல" என்றார். டீச்சர் எதற்கோ அவரை உற்றுப் பார்த்தார்.

ஞாயிறு சாயங்காலம் தெரு ஆண்கள் அத்தனை பேரும் சேர்ந்து, அதே முறையில் ஒட்டி முடித்த பாலத்தைத் தூக்கி, கால்வாய் மேல் போட்டோம். பலருக்கு மறுநாள் லீவு தேவைப்பட்டது. அவர் கம்பெனி ஆட்களுக்கு மட்டும், டைம் ஆபீஸ்காரரே காரணம் என்பதால், கேட்பதற்கு வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை விடியற்காலை மேரியக்கா இட்லிக் குண்டான், சாம்பார், அடுப்பு எல்லாம் ஏற்றிய வண்டியோடு வந்து நின்றார். டென் எம்எம்மைக் காணோம். பார்த்தால் கால்வாய்க்குள், முழங்கால் அளவு சாக்கடையில், பாலத்துக்கு நேர் கீழே நிற்கிறார். தலையில் ஹெல்மெட்.

"யோவ் அண்ணே! அங்க இன்னா பண்ற? மேல வா!"

"நீ வண்டிய ஏத்தும்மா. போட்டவன் கீழ நிக்கறேன்ல? வுழுந்தா என் மேல வுழட்டும்."

"உன் மேல வண்டிய வுட்டுட்டு நான் ஜெயிலுக்குப் போறதா? டீச்சர், கூப்புடு உன் வூட்டுக்காரர!"

டீச்சர் கூப்பிடவில்லை. "ஏத்துங்கக்கா. அவரு வரமாட்டாரு" என்றார்.

மேரியக்கா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு தள்ளினார். வண்டி ஏறியது, நடு ஒட்டைத் தாண்டியது, இறங்கியது. ஒரு கிறீச்சுகூட இல்லை. தூரத்தில் ஷிஃப்ட் பஸ் வெளிச்சம் தெரியவும் அக்கா நிற்காமல் வண்டியோடு ஓடினார். நாங்களும் கைதட்டியபடி பின்னாலேயே போனோம். பாதி இட்லி விற்ற பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

"ஐயோ, அண்ணன் எங்க?"

ஓடிவந்து குனிந்து பார்த்தோம். டென் எம்எம் அதே இடத்தில், அதே சாக்கடையில், காதில் எப்போதோ செருகிக்கொண்ட இயர் பிளக், கண்களை இறுக மூடி, உதடு ஜெபம் சொல்ல, இரண்டு கைகளாலும் பாலத்தை மேலே தாங்கிக்கொண்டு நின்றார். டீச்சர் குனிந்து தோளைத் தொட்டதும் கண்ணைத் திறந்தார்.

"இன்னும் எவ்ளோ நேரம் யோசிப்பே? ஏத்தும்மா!" என்று மேரியக்காவைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணே, நான் எப்பவோ தாண்டிட்டேன்!" என்றார் மேரியக்கா. அப்புறம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

போன வருடம் கம்பெனி டென் எம்எம்மை வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டது. சாமான் ஏற்ற வந்த லாரிக்காரர் அந்த ஸ்டூலை மட்டும் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பஞ்சாயத்தும் ஒருவழியாக வந்தது, டென் எம்எம் பாலத்தை அகற்ற முடியாமல் பக்கத்திலேயே ஒரு கான்கிரீட் பாலம் கட்டிவிட்டுப் போனது. அது அகலமாக, நேராக இருக்கிறது. மேரியக்காவின் வண்டி இன்னும் இரும்பு மேல்தான் போகிறது.

தினமும் நடு ஒட்டைத் தாண்டியதும் அவர் கொஞ்சம் குனிந்து, "அண்ணே, தாண்டிட்டேன்" என்று கீழே பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போவார். ஆரம்பத்தில் அது கேலி. டென் எம்எம் ஊரைவிட்டுப் போன பிறகும் அக்கா நிறுத்தவில்லை. எனக்கும் அவர் இல்லாத தெரு சப்பென்றுதான் இருக்கிறது. நேற்று ஸ்கூட்டரில் தனியாகப் போகும்போது பார்த்தேன், நடு ஒட்டைத் தாண்டியதும் என் வாயும் தானாகவே அதைச் சொல்கிறது.