தொண்ணூற்று நான்கு பாகை

கொக்குவில்,
22.04.1990

கனடாவில் மனைவி மக்களோடு சீரும் சிறப்புமாய் வாழும் என் அன்புக்குரிய மைத்துனர் கதிரவேலு அவர்களுக்கு, உமது அக்கா பாலேஸ்வரியின் கணவனும் ஓய்வுபெற்ற கேத்திரகணித ஆசிரியனுமாகிய தியாகராசா எழுதுவது. நகுலேஸ்வரப் பெருமான் கிருபையால் நாங்கள் மூவரும் சுகம். அங்கே குளிர் குறைந்துவிட்டதா என்று அக்கா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

நிற்க. நீர் அனுப்பிய கரண்டு வாள் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. ஆனால் அது வந்தபோது, மகளின் கலியாணம் வைகாசியில் இருந்தும், வீட்டில் கலியாணக் களையே இல்லை. அடுத்த வளவு ஏரம்புவை உமக்குத் தெரியும்தானே. எங்கள் வீட்டு முன் ஹோல் சுவர் தன் காணிக்குள் ஒன்றரை அடி வந்துவிட்டது என்று அவரும், ஒரு நூலளவும் வரவில்லை என்று நானும் வேலிக்கு மேலால் கத்திக் கத்தி, பதினொரு வருடமாய்ப் பேச்சுவார்த்தை இல்லை. மகள் குணலட்சுமியோ அவர் பெண்சாதி செல்வநாயகியின் மடியில் வளர்ந்த பிள்ளை. "மாமி வராத கலியாணம் எனக்கு வேண்டாம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஏரம்பு தன் பிழையை ஒத்துக்கொள்ளாமல் அந்த வீட்டுப் படலையைத் திறப்பதில்லை என்று நானும் அசையவில்லை.

சரி, வாளுக்கு வருகிறேன். உமது வீட்டுப் படத்தில் உள்ளதுபோல, சுவரும் சீலிங்கும் சேருமிடத்தில் ஹோலின் நாலு பக்கமும் பூவேலை மரச்சட்டம் ஓட்டத் தச்சுவேலை சிமியோனைக் கூப்பிட்டேன். மூலைக்கு மூலை சரித்து அறுப்பது பாகைக் கணக்கு அல்லவா? முப்பத்துமூன்று வருடம் பாகை படிப்பித்தவன் நிற்க, சிமியோன் ஏன் அறுக்க வேண்டும் என்று வாளை நானே பிடித்தேன். சட்டத்தைத் தலைகீழாய் வைத்து அறுக்கும்படி நீர் எழுதியிருந்தீர். குளிரில் விரல் விறைத்துப் பிழையாய் எழுதிவிட்டீர் என்று எண்ணி, நிமிர்த்தியே வைத்து அறுத்தேன். மேலே தூக்கிப் பிடித்தால் இடப்பக்கம் சரிய வேண்டியது வலப்பக்கம் சரிந்து நிற்கிறது! "மாஸ்டர், நான் ஒண்டு சொல்லட்டோ?" என்றார் சிமியோன். "நீர் ஏணியைப் பிடியும்" என்றேன். அடுத்ததும் அப்படியே. "மாஸ்டர், இப்ப சொல்லட்டோ?" "ஏணி ஆடுது, வடிவாய்ப் பிடியும்!" இப்படி நாலு சட்டம் விறகானது, அந்தக் கிழமை எங்கள் வீட்டில் தேக்கு எரித்துத்தான் புட்டு அவிந்தது. கடைசியில் உமது அக்கா வந்து, "உங்கடை கேத்திரகணிதத்தை அடுப்புக்குள்ளை வைச்சது காணும், வாளை அவரிட்டைக் குடுங்கோ" என்று சத்தம் போட்டாள். சிமியோன் சட்டத்தைத் தலைகீழாக்கினார். மூன்று மூலையும் மயிரிழை பிசகாமல் பொருந்தின.

நாலாவது மூலை, அதுதான் ஏரம்புவின் வேலிப்பக்கம், ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்து நின்றது. மூன்று முறை அறுத்தும் பொருந்தவில்லை. சிமியோன் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "வாளிலை பிழையில்லை, மாஸ்டர். உந்த மூலைதான் நேரில்லை" என்றார். நான் நம்பவில்லை. பள்ளிக்கூடத்துப் பெரிய பாகைமானியோடு நானே ஏணியில் ஏறினேன். தொண்ணூற்று நான்கு! மனம் என்னைக் கேட்காமலே கணக்கைப் போட்டுவிட்டது. நான்கு பாகை சரிவு, இருபத்திரண்டு அடிச் சுவர். மற்ற முனையில் விலகல் ஒன்றரை அடியும் அரை அங்குலமும். ஏரம்பு பாவம், அரை அங்குலத்தை எங்களுக்கு விட்டே தந்திருக்கிறார். வெட்கத்தில் கொஞ்ச நேரம் ஏணியை விட்டு இறங்கவில்லை.

அன்று பின்னேரமே வெற்றிலைத் தட்டத்தோடு போய்ப் படலையைத் திறந்தேன். "ஏரம்பு, நீர் சொன்னது சரி. ஒண்டரை அடி. இடிக்கச் சொன்னால் இடிக்கிறன். ஆனால் பிள்ளையின்ரை கலியாணத்துக்கு நீங்கள் ரெண்டு பேரும் வரவேணும்" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரிப் போனது; சந்தோசம்தான் என்று நினைக்கிறேன். பிறகு, "சுவர் நிக்கட்டும், மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் அவரே ஏணியில் ஏறிச் சட்டத்தைத் தாங்கிப் பிடிக்க, சிமியோன் நாற்பத்தேழு பாகையில் அறுத்துப் பூட்டினார். செல்வநாயகி எங்கள் குசினிக்குள் பலகாரச் சட்டியோடு நிற்க, குணம் சிரித்தாள் பாரும், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உமது பிள்ளைகள் நோய்நொடியின்றிப் படித்துப் பெரியாளாக எங்கள் ஆசிகள். வைகாசிக் கலியாணத்துக்கு நீர் இல்லாதது ஒன்றே குறை.

இப்படிக்கு,
உண்மைக்குத் தலைவணங்க என்றும் தயங்காத உமது அத்தான்,
தியாகராசா

பி.கு.: தம்பி, இது அக்கா. அத்தான் கடிதத்தை ஒட்டச் சொல்லித் தந்திட்டுக் குளிக்கப் போட்டார். சுவர் நேர்தான். கலியாணத்துக்குச் சுவர் பூசேக்கை அந்த மூலையிலை மட்டும் சாந்தைத் தடிப்பாய் அப்பச் சொல்லி மேசனிட்டைச் சொன்னது நான். ஒண்டரை அடிக்கு எத்தினை பாகை எண்டு கணக்குப் போட்டது குணம். தேப்பன் படிப்பிச்சது வீண்போகேல்லை. அவர் முழுச் சுவருக்கும் நூல் பிடிச்சிருந்தால் பிடிபட்டிருப்பம். நேற்று ஏரம்பு அண்ணை ஒளிச்சு வந்து, "பாலேஸ்வரி, அந்த ஒண்டரை அடி எனக்குக் கோவத்திலை வாயிலை வந்த கணக்கு. மாஸ்டர் அதைப் பாகைமானி வைச்சு நிரூபிச்சுப் போட்டார். நான் இப்ப என்ன செய்யிறது?" எண்டு கேட்டார். வாயை மூடிக்கொண்டு வந்து பந்தலைப் போடுங்கோ அண்ணை எண்டன்.