கேட்காதவர்கள் அமரும் இடம்

அந்த வருஷம் எங்கள் ஊரில் பொறுமை நாகரிகமாகிவிட்டிருந்தது. பொறுமையாக இருப்பது எப்படி என்று வகுப்பு நடத்தினார்கள். அதில் சேர அடிதடி. ஆகவே ஒரு பதிப்பகம் 'பொறுமை' என்ற தலைப்பில் சிறுகதைத் தொகுப்பு கொண்டுவர முடிவு செய்ததில் யாரும் குறை காண முடியாது.

நானும் ஒரு கதை அனுப்பினேன். தலையணை உறை தைக்கிற நேரம் போக எழுதியது. அனுப்பியதோடு விட்டிருக்கலாம். கதை புத்தகத்தில் வரப்போகிறது என்று நாத்தனாரிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் இரண்டு பட்டம் வாங்கியவள். நான் எட்டாவதோடு நின்றவள்.

"அப்படியா அண்ணி? எப்போ வருது?" என்றாள். அன்றிலிருந்து பார்க்கும்போதெல்லாம் இதே கேள்வி. கூடவே உதட்டோரம் ஒரு சிரிப்பு.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. பதில் வரவில்லை. பதிப்பகத்துக்கே போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நிமிரவில்லை.

"என் கதை என்ன ஆச்சுன்னு..."

"கேட்டுடாதீங்கம்மா." கையை உயர்த்தித் தடுத்தார். "தலைப்பே பொறுமை. முடிவு என்னன்னு கேட்கிறவங்களுக்குப் பொறுமை இல்லைன்னு அர்த்தம். கேட்டா கதை தள்ளுபடி."

"அப்ப நான் கேட்கலை."

"நீங்க கேட்கலைங்கறது ஆசிரியருக்கு எப்படித் தெரியும்?"

அதுவும் நியாயம்தான். வீட்டில் கிடந்து கேட்காமலிருப்பவர்களுக்கு அத்தாட்சி ஏது? ஆகவே தகுந்த ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. தினமும் நேரில் வந்து, சுவரோரப் பெஞ்சில் மதியம்வரை உட்கார்ந்து, கேட்காமல் போக வேண்டும். பெஞ்சுக்கு மேலே பலகை: 'கேட்காதவர்கள் அமரும் இடம்.'

ஏற்கெனவே முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவரும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் அங்கே இருந்தார்கள்.

"ரொம்ப நாளா கேட்கலையா?" என்றேன்.

"கடையையே சாத்திட்டு வந்து கேட்காம இருக்கேன்," என்றார் கடைக்காரர்.

வாத்தியாருக்கு வயிற்றெரிச்சல். "இவர் மனசுக்குள்ள கேட்கிறாரும்மா. முகத்தைப் பாருங்க."

நாளடைவில் பெஞ்சு போதவில்லை. மற்றவர்களுக்கு முன்னால் கேட்காமலிருக்க விடியலிலேயே வரிசை நின்றது. என் தையல் மெஷினில் சிலந்தி வலை பின்னியது. ஒருநாள் ஆசிரியர் தன் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கேட்காத முகத்தை வைத்துக்கொண்டோம். அவர் மிரண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் பலகைக்குக் கீழே அறிவிப்பு ஒட்டியிருந்தது. "கேட்கும் எண்ணம் அறவே இல்லாதவர்கள் மேற்படி பெஞ்சுக்கு வந்திருக்கவே மாட்டார்கள் என்பது தெளிவாகிறபடியால், பெஞ்சில் அமர்ந்த அனைவரது கதைகளும் நிராகரிக்கப்படுகின்றன. ஒருமுறைகூட வராத ஒருவரின் கதை ஏற்கப்படுகிறது. தொகுப்பு அந்த ஒரு கதையுடன் நிறைவு பெறும்."

கதையின் தலைப்பு: 'அவசரக்கார அண்ணி'. எழுதியவர் பெயரைப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனேன்.

"அதுவா அண்ணி? எப்பவோ சும்மா எழுதி அனுப்பினது. மறந்தே போச்சு," என்றாள். அடுத்த மூச்சிலேயே, "புத்தகம் எப்போ வருமாம்?"

"நீயே போய்க் கேளேன். கேட்டா தள்ளுபடி பண்ணிடுவாங்க, அவ்வளவுதான்."

முதல்முறையாக அந்த உதட்டோரச் சிரிப்பைக் காணோம். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க பழகினவங்க. எனக்காக ஒரு நடை போய்க் கேட்காம வாங்களேன்."

இரண்டு பட்டம் வாங்கியவள் என் அனுபவத்தை மதித்துச் சொல்கிறாள். மறுக்க மனம் வருமா? பதிப்பகத்துக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, எல்லாம் அச்சகத்தில் இருக்கிறது என்றார் குமாஸ்தா. அச்சகத்துக்குப் போனேன். அங்கேயும் சுவரோரம் ஒரு பெஞ்சு. மடியில் குடையை வைத்துக்கொண்டு ஆசிரியர் உட்கார்ந்திருந்தார்.

"எப்போ முடியும்னு கேட்டீங்களா சார்?"

"சேச்சே," என்று நகர்ந்து இடம் கொடுத்தார். "மெதுவாப் பேசுங்கம்மா. உள்ள இருக்கிறவங்க காதுல விழுந்துடப் போகுது."