சுங்கம் தெரிந்த சில்வெஸ்ரர்

"சுங்கம் எங்கே?" என்று சில்வெஸ்ரர் கேட்டது ஒக்லாந்து ரயில் நிலையத்தின் டிக்கெட்காரருக்கு விளங்கவில்லை. பெட்டியை இங்கே தந்தால் கிறைஸ்ட்சர்ச்சில் எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு சில்வெஸ்ரருக்குப் பிடிக்கவில்லை.

"பாத்தீரே, மறைக்கிறான். பெட்டியை உள்ளுக்கு வாங்கித் திறக்கப்போறாங்கள்" என்று மனைவி சிசிலியாவின் காதில் சொன்னார்.

"வேற நாட்டுக்கே போறம்? தெற்குத் தீவுக்குத்தானேப்பா."

"ரயில் ஏறி, கப்பல் ஏறி, கடல் கடந்து, திரும்ப ரயில் ஏறினால் அது வேற நாடுதான். எனக்குச் சொல்லித்தர வேண்டாம்."

அவருக்குச் சொல்லித்தர முடியாதுதான். ஊரில், இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து ரயில் ஏறுகிறவர்களின் பெட்டிகளைக் கப்பலடியில் திறந்து பார்த்த சுங்க உத்தியோகத்தர் அவர். எண்பத்தைந்தில் ஒக்லாந்தின் ரானுயிக்குக் குடிவந்த பிறகும் கண் மாறவில்லை.

பெட்டியில் இரண்டு சேலைகள் இருந்தன. ஒன்று, சனிக்கிழமை கல்யாணம் நடக்கவிருக்கும் சிசிலியாவின் தங்கை மகளுக்கான கூறை. மற்றது, சிசிலியா உயிராக வைத்திருந்த மயில்நீலக் காஞ்சிபுரம். சில்வெஸ்ரர் கொடுத்தது. தலைப்பின் மூலையில் சிவப்பு நூலால் 'யோ' என்று தைத்திருக்கும். நெய்தவர் பெயர் யோசேப்பு என்று சில்வெஸ்ரரே விளக்கமும் சொல்லியிருந்தார்.

"பெட்டியில இருந்தால் பறிப்பாங்கள். உடுத்த சீலையில கைவைக்கேலாது. ரெண்டையும் உடுத்துக்கொண்டு வாரும்."

சிசிலியா பெண்கள் அறைக்குப் போய், கூறை உள்ளே, மயில்நீலம் வெளியே, அதற்குமேல் கோட்டுமாகத் திரும்பி வந்தாள். கோட்டுக்குப் பொத்தான் பூட்ட முடியவில்லை. எதிர் வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், நம்மவர் முகம், அவளையே பார்க்கத் தொடங்கினாள்.

"சுங்கக்காரி" என்றார் சில்வெஸ்ரர். "எங்கட கள்ளம் எங்கட ஆக்களுக்குத்தான் பிடிபடுமெண்டு வேலைக்கு வைச்சிருக்கிறாங்கள்."

"அவ சும்மா பாக்கிறா."

"சும்மா பாக்கிற பார்வை எனக்குத் தெரியாதே? நானும் அப்பிடித்தான் பாத்தனான். கோட்டைக் கழட்டும், ஒளிக்கிறமாதிரி இருக்கு."

கோட்டைக் கழற்றியதும் மயில்நீலம் மண்டபம் முழுவதற்கும் தெரிந்தது. அந்தப் பெண் எழுந்துவிட்டாள். சில்வெஸ்ரர் மனைவியை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார். அந்தப் பெண்ணும் தூணைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"தலையை மூடும். முகம் தெரியக்கூடாது."

சிசிலியா தலைப்பை எடுத்துத் தலையில் போட்டாள். அதன் மூலை நெற்றிக்கு நேரே வந்து தொங்கியது. அந்தப் பெண் கிட்ட வந்து அதைப் பிடித்துப் பார்த்தாள். சில்வெஸ்ரர் வியர்த்துப்போய், ஒருவரும் கேட்காத பாஸ்போர்ட்டை நீட்டினார். அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"வடிவான சீலை" என்றாள் தமிழில்.

சிசிலியாவுக்குப் பயம் போய்ப் பெருமை வந்துவிட்டது. "இவர் வாங்கித் தந்தது அக்கா. அந்த எழுத்து நெய்தவற்ர பேர். யோசேப்பாம்."

"இல்லைத் தங்கச்சி, யோகராணி. கப்பலடியில இந்த ஐயா என்ர பெட்டியைத் திறக்கிறதுக்கு முதல் நான்தான் தைச்சனான்."