லைசென்ஸ் இல்லாத யூரியா

மனிதனுக்குச் சிறுநீரகம் இரண்டு. எழுபத்தாறாம் வருஷம் வரை தூத்துக்குடியில் எந்த ஆபீஸுக்கும் இதில் ஆட்சேபணை இருந்ததில்லை.

கெமிஸ்ட்ரி வாத்தியார் தேவதாசன்தான் வம்பை விலைக்கு வாங்கினார். அவர் மனைவி கிரேசியின் அண்ணன் பொன்னுதுரைக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிரித்துவிட்டன. சொட்டு மூத்திரம் கிடையாது. ரத்தத்தைச் சுத்தம் செய்ய வாராவாரம் மெட்ராஸுக்கு ரயிலேறி மனுஷன் பாதியாகிவிட்டார். இனி ஒரு பயணம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேவதாசன் ராப்பகலாய் உட்கார்ந்து ஒரு சவ்வு செய்தார். ரத்த அணு போகாது, கழிவு மட்டும் நழுவும், அவ்வளவு பொடி ஓட்டை. உள்ளூர் ஆஸ்பத்திரி மிஷினிலேயே மாட்டலாம், அனுமதிதான் வேண்டும்.

அனுமதி அதிகாரி வெள்ளத்துரை நேர்மையானவர். அதுதான் தொல்லை. சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது வழியாக என்ன வரும் என்று கேட்டார்.

"யூரியா, சார்."

வெள்ளத்துரை பேனாவை மூடினார். யூரியா மூட்டைக்கு விவசாயிகள் வரிசையில் அடித்துக்கொண்ட காலம் அது. கட்டுப்பாட்டுப் பொருளாயிற்றே! உற்பத்திசாலையை உடனே ஆஜர்படுத்தச் சொன்னார். முகம் வீங்கிய பொன்னுதுரையைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

"எப்பலேருந்து அண்ணாச்சி உற்பத்தி?"

"பொறந்ததுலேருந்து சார்," என்றார், பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

ஐம்பது வருஷமாக, லைசென்ஸ் இல்லாமல்! தேவதாசனுக்கு மண்டை காய்ந்துவிட்டது.

"எல்லார் உடம்புலயும்தான் சார் உண்டாகுது. நீங்களும்தான் பண்ணுதிய."

சொல்லியிருக்கக் கூடாது. வெள்ளத்துரை தன்னையே தப்பவிடாத ஆள். மறு உத்தரவு வரும்வரை சகலவித யூரியா உற்பத்தியும் விநியோகமும் நிறுத்திவைக்கப்படுகிறது என்று உத்தரவு போட்டு, ஆபீஸ் கக்கூஸுக்கு அரக்கு முத்திரை வைத்தார். வாசல் கேட்டையும் பூட்டினார். சரக்கு வெளியே கடத்தப்படக் கூடாதல்லவா.

காலையில் டீ குடித்த குமாஸ்தாக்கள் மத்தியானத்துக்குள் நெளிய ஆரம்பித்தார்கள். மனு கொடுக்க வந்தவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். நாலு மணிக்கு வெள்ளத்துரைக்கே நெற்றி வியர்த்தது. நின்றபடியே ஒரு திருத்தம் படித்தார். சொந்த முயற்சியில் சரக்கை வெளியேற்றுவது குடிசைத் தொழில், அதற்கு விலக்கு உண்டு. மிஷினும் சவ்வும் வைத்து வெளியேற்றினால் அது ஆலை. லைசென்ஸுக்கு உற்பத்தியாளர் டெல்லிக்கு நேரில் போக வேண்டும்.

"ஆட்சேபணை உண்டா?"

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தேவதாசன் மட்டும் திறந்தார்.

"சீக்கிரம் கையெழுத்தைப் போடுங்க சார்."

முத்திரை உடைந்தது. ஆபீஸே கக்கூஸ் பக்கம் ஓடியது. முன்னால் வெள்ளத்துரை, அவர் முதுகை ஒட்டித் தேவதாசன்.

அவசரமே இல்லாத ஒரே ஆள் பொன்னுதுரைதான்.

"மாப்ள, நம்ம விசயம் என்ன சொன்னாவ?" என்று பெஞ்சிலிருந்து கேட்டார்.

பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.