இயல்பாக யோசிக்கப் பயிற்சி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் இயல்பாக இருப்பது எப்படி என்பதை மட்டும் இத்தனை காலமும் அவரவர் இஷ்டத்துக்கே விட்டுவைத்திருந்தது. இந்த மாபெரும் குறையைத் தீர்க்க அவதரித்தவர் இயல்பு சார். மருந்துக்கடை மாடியில், ஏ.சி. ஒழுகும் இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு, பொருளாதாரமும் மேலாண்மையும் படிக்கத் துடிக்கும் இளைய தலைமுறைக்குப் பல்கலைக்கழக நேர்காணலில் 'இயல்பாக' இருக்கக் கற்றுக்கொடுத்தார். மூன்று மாதப் பயிற்சி. இயல்பு என்ன லேசுப்பட்ட பாடமா?

அந்தத் தலைமுறையில் ஒருத்தியான சின்னவள் அவரிடம் சேர்ந்தது அம்மாவின் வளையலைத் தியாகம் செய்து. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி டோக்கன் கவுண்டரில் வேலை. அந்தக் கவுண்டரைப் பார்த்துத்தான் மகளுக்குப் பொருளாதாரம் படிக்கும் ஆசையே வந்தது. முதல் வகுப்பில் இயல்பு சார் காரணம் கேட்டதும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள்.

"எங்கம்மா ஆஸ்பத்திரியில முன்னாடி ஒரு கவுண்டர்தான் சார். கூட்டம்னு மூணாக்கினாங்க. இப்ப வீட்டுக்கு மூணு பேரா வந்து ஆளுக்கொரு வரிசையில நிக்கிறாங்க. எது முன்னாடி போகுதோ அதுல டோக்கன் வாங்கிக்கிறாங்க. கூட்டம் மூணு பங்காயிடுச்சு. ஏன் இப்படி ஆகுது, என்ன செஞ்சா சரியாகும்னு தெரிஞ்சுக்கணும் சார்."

"உனக்கு விடை தெரியுமா?"

"தெரியாது சார். அதான் படிக்கலாம்னு..."

"தெரியாதவங்களை எதுக்கும்மா சேத்துக்குவாங்க?" என்றார் சார், மிகுந்த பரிவுடன். "நீ எட்டு வயசுல காகிதப் பை செஞ்சு அக்கம்பக்கத்துல வித்தே. அதுலேருந்து தொழில் மேல ஆர்வம். எழுதிக்கோ."

"நான் விக்கலியே சார்?"

"இனிமே வித்திருக்கே."

காகிதப் பை முடிந்ததும் யோசனைப் பாடம் தொடங்கியது. எந்தக் கேள்வி வந்தாலும் பார்வை முதலில் கூரையின் இடது மூலைக்குப் போக வேண்டும். ஆள்காட்டி விரல் மோவாயைத் தொட வேண்டும். பிறகு, "சுவாரசியமான கேள்வி. கொஞ்சம் யோசிக்கலாமா?" மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு, ஏற்கெனவே உருப்போட்ட விடையைத் தட்டுத் தடுமாறிச் சொல்ல வேண்டும். எந்தெந்த இடத்தில் தடுமாறுவது என்பதும் பாடத்தில் உண்டு.

"வரிசை நீளமா இருந்தா என்ன செய்வீங்கன்னு கேட்டா?" என்று சார் கேட்டார். விடையையும் அவரே சொன்னார். "கவுண்டரைக் கூட்டுவேன்னு சொல்லணும்."

சின்னவள் வாயைத் திறந்தாள். அப்புறம் வளையலை நினைத்து மூடிக்கொண்டாள்.

மூன்று மாதத்தில் பயிற்சி எலும்பு வரை ஊறிவிட்டது. "சாப்பிட வரியாடி?" என்று அம்மா கூப்பிட்டால் மகளின் பார்வை கூரைக்குப் போனது. சுவாரசியமான அந்தக் கேள்வியை அவள் யோசித்து முடிப்பதற்குள் சோறு ஆறிப்போனது. "படிச்ச பிள்ளைங்கன்னா இப்படித்தான் இருக்கும் போல" என்று அம்மா பூரித்தாள்.

நேர்காணல் நாளன்று காத்திருப்பு அறையே ஒரு காகிதப் பைத் தொழிற்பேட்டையாக இருந்தது. உதடுகள் எல்லாம் ஓசையில்லாமல் எட்டாம் வயதை ஒப்பித்துக்கொண்டிருந்தன. பச்சைப் பையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி மட்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எந்த சென்டர்?" என்று சின்னவள் கேட்டாள்.

"சென்டரா? நான் சும்மா வந்தேன்."

அவள்மேல் சின்னவளுக்குப் பரிதாபம் பொங்கியது. பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் டோக்கன் கவுண்டரில் வந்து நின்றது. பச்சைப் பைக்காரி கூரையைப் பார்க்கவே இல்லை.

"வரிசையையே எடுத்துட்டா என்ன? வந்தவுடனே வாசல்லயே நோயாளி பேருக்கு ஒரு நம்பர். அப்புறம் நாற்காலியில உக்காந்துக்கட்டும், நம்பரைக் கூப்பிட்டா வரட்டும். நிக்கிற வேலையே இல்லைன்னா கூட ரெண்டு பேரை எதுக்குக் கூட்டிட்டு வரப்போறாங்க?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "என்ன, நாற்காலிக்கு அடிச்சுக்குவாங்க. அதையும் யோசிக்கணும்."

சின்னவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த ஒரு விஷயத்தைத்தான் அவள் இத்தனை நாளாக யாரிடமாவது பேச ஏங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் பேசியிருப்பாள். அதற்குள் பச்சைப் பைக்காரியை உள்ளே கூப்பிட்டார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தவள், கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள்.

அடுத்தது சின்னவள். உள்ளே பொருளாதாரப் பேராசிரியர், மேலாண்மைப் பேராசிரியை, தலையாட்டுவதற்கென்றே நியமிக்கப்பட்ட மூன்றாமவர்.

"உங்க பேர் என்னம்மா?"

சின்னவளின் பார்வை கூரையின் இடது மூலைக்குப் போனது. விரல் மோவாயைத் தொட்டது. "சுவாரசியமான கேள்வி. கொஞ்சம் யோசிக்கலாமா?"

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் மூன்று பேனாக்களும் பரபரவென்று எழுதத் தொடங்கியிருந்தன.

"எதையுமே அப்படியே ஏத்துக்காத மனசு" என்றார் பேராசிரியர், தழுதழுத்த குரலில். மூன்றாமவர் தலையாட்டினார்.

"இன்னிக்கு எல்லார்கிட்டயும் கேக்கற கேள்வி" என்றாள் பேராசிரியை. "ஓரிடத்துல நீளமா வரிசை நிக்குது. என்ன செய்வீங்க?"

கூரை. மோவாய். ஒன்று, இரண்டு, மூன்று. கவுண்டரைக் கூட்டுவேன் என்று சொல்ல வேண்டும். அது பொய் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அறையில் இல்லை. நான்கு, ஐந்து.

"வரிசையையே... எடுத்துடலாம்" என்றாள், பாடத்தில் சொல்லிக்கொடுத்த இடத்தில் தடுமாறி. வாசலில் நம்பர், நாற்காலி, கூட வருபவர்கள், நாற்காலிச் சண்டை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அறை ஒரு கணம் அசந்துபோனது.

"முன்னாடி வந்த பொண்ணும் இதையேதான் சொன்னா" என்றாள் பேராசிரியை.

சின்னவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆனா நாங்க கேட்டு வாயை மூடறதுக்குள்ள படபடன்னு ஒப்பிச்சுட்டா. மனப்பாடம்! யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்காங்க. நீங்க பாருங்க, எங்க கண்ணு முன்னாடி யோசிச்சுச் சொல்றீங்க!"

இல்லை மேடம், அது அவளோட யோசனை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சின்னவள் அந்த மூச்சை இழுத்தாள். இழுத்ததை விட்டு, "நன்றி மேடம்" என்றாள். தன்னடக்கம் எட்டாவது பாடம்.

மாலையில் தேர்வானவர்களை அறிவித்தார்கள். முதலிடம் சின்னவளுக்கு. பச்சைப் பைக்காரிக்கு இடமில்லை. இயல்பு சார் போனிலேயே ஆனந்தக் கண்ணீர் விட்டு, அவள் படத்தை வாசல் பலகையில் போடப்போவதாகச் சொன்னார். 'இயல்பின் சிகரம்' என்பது படத்துக்குக் கீழே வரப்போகும் வாசகம்.

வீட்டில் அம்மா விடவில்லை. உள்ளே நடந்ததை வரி வரியாகக் கேட்டு வாங்கினாள். நாற்காலி விஷயம் வந்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மாடி! வருஷக்கணக்கா அங்கயே உக்காந்திருக்கேன், எனக்குத் தோணலியே. எங்க சூப்பிரண்டு கிட்ட நாளைக்கே சொல்றேன், எம் பொண்ணு சொன்னான்னு. ஆமா, உனக்கு எப்படிடி தோணுச்சு?"

சின்னவள் மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஐந்து தாண்டியது, ஐம்பது தாண்டியது. மூன்று மாதத்தில் முதல்முறையாக அவள் ஒரு கேள்விக்கு உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள்.

இயல்பு சார் பார்த்திருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பார். விரல் மோவாயில் இல்லை. பார்வையும் தரையில் இருந்தது.